கனடாவின் சீனியர் கர்லிங் தேசியப் போட்டி: எப்போது வந்தது, யார் ஆடினார்கள்?

கேள்வி இதுதான்: "கனடாவில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கென்று தனியாக ஒரு தேசிய கர்லிங் போட்டி நடக்கிறதாமே, அது எப்போது தொடங்கியது? ஓய்வுபெற்றவர்கள் பொழுதுபோக்காகக் கூடி ஆடுவதா, இல்லை நிஜமாகவே போட்டியா?"

நிஜமான போட்டிதான். ஆண்கள் பிரிவு 1965இல் தொடங்கியது, பெண்கள் பிரிவு 1973இல். இப்போது கர்லிங் கனடா என்ற தேசிய அமைப்பு இரண்டையும் நடத்துகிறது. மாகாண அளவில் ஜெயித்து வரும் அணிகள்தான் ஆட முடியும். தேசியப் பட்டம் வாங்கும் அணி அடுத்து வரும் உலக சீனியர் போட்டியில் கனடாவின் சிவப்பு மேப்பிள் இலையைச் சட்டையில் மாட்டிக்கொண்டு ஆடும். பொழுதுபோக்குக்காக ஆடுகிறவர்களுக்கு ஊர் ஊராக கிளப்புகளும் வார இறுதிப் போட்டிகளும் ஏராளமாக இருக்கின்றன. அவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை.

என் அபிப்பிராயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டியின் வரலாற்றில் சுவையான பாதி, இளமையில் ஏதோ ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் தவறவிட்டவர்களின் கதை. மீதிப் பாதி, எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டும் சும்மா இருக்க முடியாதவர்களின் கதை. இரண்டு வகையினரும் ஒரே ஐஸில் எதிரெதிராக நிற்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

கர்லிங் பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள வழுவழுப்பான கருங்கல், அதற்கு மேலே ஒரு கைப்பிடி. 150 அடி நீளமுள்ள ஐஸ் தளத்தின் ஒரு முனையிலிருந்து அதைத் தள்ளி விட வேண்டும். மறுமுனையில் 12 அடி விட்டத்தில் வட்டங்கள் வரைந்திருக்கும். நம்முடைய கல் அந்த வட்டத்தின் நடுவுக்கு எதிராளியின் கல்லைவிடக் கிட்டத்தில் நிற்க வேண்டும். கேரம் போர்டில் எதிராளியின் காயைத் தட்டிவிட்டு நம் காயை நிறுத்தப் பார்ப்போமே, அந்தப் புத்திதான் இங்கேயும். அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். பதினாறு கல்லும் போய் முடிந்தால் ஒரு சுற்று. கல் போகும் வழியில் இரண்டு பேர் ஓடிக்கொண்டே பிரஷால் ஐஸைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் கொஞ்சம் தூரம் கூடப் போகும், வளைவதும் குறையும். அணித்தலைவரை ஸ்கிப் என்பார்கள். மறுமுனையில் நின்று எந்தக் கல்லை எங்கே போடுவது என்று முடிவெடுப்பவர் அவர்.

இந்த ஆட்டத்தில் வயது எங்கே அடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கல்லை விடும்போது ஒரு முழங்காலை முழுசாக மடக்கி, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, தரையோடு தரையாகச் சறுக்க வேண்டும். முதலில் முரண்டு பிடிப்பது முழங்கால்தான். அடுத்தது தேய்க்கும் வேலை. ஒரு ஆட்டம் முழுக்க அழுத்தித் தேய்ப்பது இருபது வயசுக்காரனுக்கே மூச்சு வாங்கும். ஆனால் ஐஸைப் பார்த்து அது எங்கே வேகம், எங்கே மெதுவு என்று கணிப்பதும், கல்லை அளந்து விடும் கை நிதானமும், எதிராளி மூன்று கல் கழித்து என்ன செய்வான் என்ற யோசனையும் வயதோடு போய்விடுவதில்லை. அதனால்தான் சீனியர் ஆட்டம் பார்க்கும்படியாக இருக்கிறது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

கனடாவில் ஆண்களுக்கான தேசியப் போட்டி, பிரையர் என்று பெயர், 1927இல் டொராண்டோவில் தொடங்கியது. அதற்குப் பிறகு நெடுங்காலம் அது ஒன்றுதான் தேசியப் போட்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊருக்கு ஊர் உள்ளரங்குகளும் செயற்கை ஐஸும் பெருகிய பிறகுதான் மற்றவை வரிசையாக வந்தன. பள்ளி மாணவர்களுக்கு 1950இல், பெண்களுக்கு 1960-61இல், கலப்பு அணிகளுக்கு 1964இல். அடுத்த வருடமே சீனியர். பிரையரின் ஆரம்ப வருடங்களில் ஆடியவர்கள் 1960களில் ஐம்பது, அறுபது வயதைத் தொட்டிருந்தார்கள். ஆட்டத்தை விட அவர்களுக்கு மனமில்லை, இளைஞர்களை வென்று பிரையருக்குப் போகும் வாய்ப்பும் குறைவு. தனிப் போட்டி வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

முதல் பட்டத்தை வாங்கியவர் யார் என்று பார்த்தாலே இது புரியும். மானிடோபாவின் லியோ ஜான்சன். இதே மனிதர் 1934இல் பிரையரை ஜெயித்த ஸ்கிப். முப்பத்தொரு வருட இடைவெளியில் இரண்டு தேசியப் பட்டம். அந்த இடைவெளியில் ஆட்டமே வேறாகிவிட்டிருந்தது. 1930களின் தொடக்கத்தில் பெரும்பாலானவர்கள் கல்லை விட்ட இடத்திலேயே காலை ஊன்றிக்கொள்வார்கள். கல்லோடு கூடவே நீளமாகச் சறுக்கிப் போய் விடும் முறையைப் பிரபலமாக்கியவர் வின்னிபெக்கின் கென் வாட்சன். அவர் 1936, 1942, 1949 ஆகிய மூன்று வருடங்களில் பிரையரை ஜெயித்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களும் சறுக்கத் தொடங்கினார்கள். ஆக, 1965இல் சீனியர் போட்டிக்கு வந்தவர்கள் பழைய முறையில் கற்று, நடுவில் புதிய முறைக்கு மாறிய தலைமுறை.

ஆண்கள் போட்டிக்கு முதல் இருபது வருடம் பணம் கொடுத்தது சீகிராம். ஆமாம், விஸ்கி நிறுவனம்தான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிரையரை 1927 முதல் 1979 வரை நடத்தியது மெக்டொனால்ட் என்ற புகையிலை நிறுவனம், அடுத்து வந்தது லபாட் பீர். 1959இல் கனடாவும் ஸ்காட்லாந்தும் மோதத் தொடங்கிய உலகப் போட்டியின் பெயரே ஸ்காட்ச் கப். கர்லிங்கில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கோப்பை வாங்கித் தர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அந்த மேசைக்கு வேண்டியதை விற்பவர்கள்தான் போட்டியையும் நடத்தினார்கள். பெண்கள் தேசியப் போட்டி மட்டும் பின்னாளில் டிஷ்யூ பேப்பர் நிறுவனத்திடம் போய், ஸ்காட்டீஸ் என்ற பெயரோடு இன்றுவரை நடக்கிறது. ஆண்களுக்கு பீர், பெண்களுக்கு டிஷ்யூ பேப்பர் என்று பிரித்துக் கொடுத்த அந்தக் காலத்து விளம்பர மூளையை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

பெண்கள் சீனியர் பிரிவு வர ஏன் இன்னும் எட்டு வருடம் ஆயிற்று? அன்றைக்கு பெண்கள் கர்லிங்குக்குத் தனிச் சங்கம். ஆண்கள் சங்கத்தோடு அது இணைந்தது 1990இல்தான். இரண்டு சங்கம், இரண்டு கணக்கு, இரண்டு வேகம். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பிரையருக்கும் பெண்கள் தேசியப் போட்டிக்கும் இடையில் முப்பது வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. சீனியரில் அது எட்டு வருடமாகக் குறைந்துவிட்டது.

1973இல் முதல் பெண்கள் சீனியர் பட்டம் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போனது. ஸ்கிப் ஏடா காலெஸ். கூட ஆடியவர் ஐனா ஹான்சன். இருவரும் கிம்பர்லி என்ற சின்ன ஊர்க்காரர்கள். ஈயமும் துத்தநாகமும் எடுக்கும் சல்லிவன் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர் அது. 1962லும் 1964லும் ஹான்சன் ஸ்கிப்பாக இருந்து கனடாவின் பெண்கள் பட்டத்தை ஜெயித்தபோது, மூன்றாம் ஆளாக ஆடியவர் காலெஸ். சீனியருக்கு வந்தபோது தலைமை மட்டும் கைமாறியது. பெரிய நகரங்களின் பணக்கார கிளப்புகளை மீறி ஒரு சுரங்க ஊரின் பெண்கள் இரண்டு தலைமுறைப் போட்டியிலும் பெயர் எடுத்திருக்கிறார்கள். கனடா கர்லிங்கின் வலு எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

1974லும் 1975லும் சஸ்காச்சுவானின் ஹேடி மேன்லி ஜெயித்தார். ஆண்கள் பக்கம் மானிடோபாவின் லாயிட் குன்லாக்சன் 1982, 1983, 1984 என்று தொடர்ந்து மூன்று வருடம் பட்டத்தை விடவில்லை. சீனியரில் இது லேசுப்பட்ட காரியமில்லை. ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் ஐம்பதைத் தொடுகிற புதுக் கூட்டம் ஒன்று உள்ளே வரும். போன வருடம்வரை பிரையரில் ஆடிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று எதிரே வந்து நிற்பார். நடப்பு சாம்பியனுக்கோ ஒரு வயது கூடியிருக்கும்.

1980களின் நடுவில் சீகிராம் விலகிய பிறகு ஆண்கள், பெண்கள் போட்டிகள் ஒரே ஊரில் ஒரே வாரத்தில் சேர்ந்து நடக்கத் தொடங்கின. ஒரே ஊரில் நடந்தால் தன்னார்வலர்கள் ஒரே கூட்டம், ஐஸ் தயார் செய்கிறவர் ஒரே ஆள், செலவும் குறைவு. பிரையர் பெரிய அரங்குகளில் ஆயிரக்கணக்கான பார்வையாளர்களோடு நடக்கும்போது, சீனியர் சாதாரண கிளப்புகளிலும் சிற்றூர் அரங்குகளிலும் நடக்கிறது. தொலைக்காட்சி வெளிச்சம் குறைவு. பரிசுப் பணத்தை நம்பி யாரும் வருவதில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1985 பிரையரின் இறுதி ஆட்டம், மாங்க்டன் நகரம். ஒரு பக்கம் ஆல்பர்ட்டாவின் பேட் ரயன், அந்த வாரம் லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காதவர். மறுபக்கம் தண்டர் பே நகரத்தின் ஆல் ஹாக்னர். பத்தாவது, கடைசிச் சுற்றில் ஹாக்னர் இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறார். கடைசிக் கல்லில் எதிராளியின் இரண்டு கற்களை ஒரே அடியில் வெளியேற்றினால்தான் உண்டு. அந்தக் கற்கள் நின்றிருந்த கோணத்தில் அது நடக்கிற காரியமாகவே தெரியவில்லை. மயிரிழையில் உரசி இரண்டையும் தூக்கினார். சமன். கூடுதல் சுற்றில் ஜெயித்தும் விட்டார். கனடா கர்லிங் ரசிகர்கள் இன்றும் அந்த ஒரு அடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ரயன் அதோடு துவண்டுவிடவில்லை. 1988லும் 1989லும் பிரையரை ஜெயித்தார். ஆனால் அவர் ஆடிய விதம் பலருக்குப் பிடிக்கவில்லை. எதிராளி எந்தக் கல்லைப் போட்டாலும் அடித்து வெளியேற்றுவது, வட்டத்தைக் காலியாகவே வைத்திருப்பது, ஒரு புள்ளி முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்றுவது. 1989இல் சஸ்கட்டூனில் நடந்த இறுதி ஆட்டத்தில் "போர் அடிக்குது, போர் அடிக்குது" என்று கூட்டம் கோஷமே போட்டது. விதியையே மாற்ற வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஒன்டாரியோ ஆட்டக்காரர் ரஸ் ஹவர்டும் அவர் தம்பி கிளென்னும் பயிற்சிக்காக வைத்திருந்த ஒரு விதியை, அதாவது சுற்றின் முதல் சில கற்களை அடித்து வெளியேற்றக் கூடாது என்பதை, 1990இல் மாங்க்டனில் ஒரு பெரிய பணப்போட்டியில் சோதித்துப் பார்த்தார்கள். ஆட்டம் சூடு பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றங்களோடு அதுவே உலகம் முழுக்க விதியாயிற்று. காவல் கல் முன்னே நிற்க, அதைச் சுற்றி வளைத்துக் கல்லை மறைத்து வைக்கும் நுணுக்கம் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தது.

இதற்கும் சீனியர் போட்டிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. 1985இல் அந்த ஐஸில் எதிரெதிரே நின்ற இருவருமே பின்னாளில் சீனியர் பட்டம் வாங்கினார்கள், அதுவும் அடுத்தடுத்து. 2006இல் ஹாக்னர். 2007இல் ரயன், இந்த முறை பிரிட்டிஷ் கொலம்பியாவுக்காக. வயதால் மட்டும் அவர்கள் மாறியிருக்கவில்லை, அவர்கள் இளமையில் கரைத்துக் குடித்த ஆட்டமும் விதி மாற்றத்தால் பாதி வேறாகியிருந்தது. அடித்து வெளியேற்றுவதையே ஆயுதமாக வைத்திருந்த ரயன் புதிய விதிகளோடும் ஜெயித்தார் என்பது அவரைத் திட்டிய கூட்டத்துக்கு நல்ல பதில் என்று நினைக்கிறேன். 1994இல், முன்பு தான் இறுதி ஆட்டத்தில் வென்ற ரிக் ஃபோக்கின் அணியிலேயே மூன்றாம் ஆளாகச் சேர்ந்து இன்னொரு பிரையரும் உலகப் பட்டமும் வாங்கியிருந்தார். மாறத் தெரிந்த மனிதர்.

வரிசையில் கொஞ்சம் முன்னே போய்விட்டேன். 2002இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அமெரிக்காவின் வட டகோட்டாவில் உள்ள பிஸ்மார்க் நகரில் முதல் உலக சீனியர் போட்டி நடந்தது. அதுவரை தேசியப் பட்டம்தான் எல்லை. அதற்குப் பிறகு அது உலகப் போட்டிக்கான நுழைவுச் சீட்டாகவும் ஆயிற்று. எப்போதோ ஓய்வு பெற்ற பெரிய ஆட்டக்காரர்கள் சீனியர் பக்கம் திரும்பிப் பார்க்க இது ஒரு முக்கியமான காரணம் என்பது என் கணிப்பு. ஒன்டாரியோவின் ஆன் டன் இந்தப் புதிய காலத்தின் முதல் நட்சத்திரம். பிஸ்மார்க்கில் பெண்கள் தங்கத்தை வாங்கியவரும் அவரே.

உலகப் போட்டியில் கனடாவுக்கு எப்போதும் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2012இல் டென்மார்க்கில் நடந்தபோது ஆண்கள் தங்கத்தை வாங்கிப் போனது அயர்லாந்து. கர்லிங்குக்கென்று ஒரு தனி அரங்கம்கூட இல்லாத நாடு. திறந்த வயது உலகப் போட்டிகளில் ஆட ஒரு நாடு தகுதிச் சுற்றுகளைத் தாண்ட வேண்டும். சீனியரில் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. அதனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளும் வருகின்றன. 2009இல் நியூசிலாந்தின் டுனிடினிலேயே போட்டி நடந்தது.

2010களில் பெண்கள் பக்கம்தான் கதை செழிப்பு. மூன்று பெயர் சொல்கிறேன்.

எட்மன்டனைச் சேர்ந்த கேத்தி கிங் 1977லும் 1978லும் கனடாவின் ஜூனியர் பட்டத்தை ஜெயித்தவர். 1998இல் கேத்தி போர்ஸ்ட் என்ற பெயரில் ஸ்காட்டீஸ் பட்டம். 2013இல் சீனியர் பட்டம், அடுத்த வருடம் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் உலக சீனியர் பட்டம். ஜூனியர், பெண்கள், சீனியர் என்று மூன்று தேசியப் பட்டத்தையும் எடுத்த முதல் பெண் அவர்தான். முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவே முப்பத்தாறு வருடம்.

இரண்டாவது நோவா ஸ்கோஷியாவின் காலீன் ஜோன்ஸ். இவருக்கு யாரும் அறிமுகம் தர வேண்டியதில்லை. ஆறு தேசியப் பட்டம், 2001லும் 2004லும் உலகப் பட்டம், அதோடு தேசியத் தொலைக்காட்சியில் செய்தியாளர் வேலை. 1982இல் முதல் பட்டம் வாங்கியவர், 1999இலிருந்து 2004வரை மட்டும் ஆறு வருடத்தில் ஐந்து முறை ஜெயித்தார். 2016இல் சீனியர் போட்டி அவருடைய சொந்த மாகாணத்திலேயே, டிக்பி என்ற மீன்பிடி ஊரில் நடந்தது. பழைய அணியின் கிம் கெல்லி, நான்சி டெலஹன்ட் இருவரும் கூடவே வந்தார்கள். பட்டம் அவர்களுக்கு. அடுத்த வருடம் ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜில் உலக சீனியர் தங்கமும் அவர்களுக்கே. முன்னே சொன்னேனே, எல்லாவற்றையும் ஜெயித்தும் சும்மா இருக்க முடியாதவர்கள் என்று. அதற்கு இவர்தான் உதாரணம்.

மூன்றாவது சஸ்காச்சுவானின் ஷெரி ஆண்டர்சன். இவர் மற்ற வகை. 2002 ஸ்காட்டீஸ் இறுதி ஆட்டம், மானிடோபாவின் பிராண்டன் நகரம். ஆண்டர்சன் ஒரு பக்கம், நடப்பு சாம்பியன் காலீன் ஜோன்ஸ் மறுபக்கம். ஜோன்ஸ் ஜெயித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை முயன்றும் ஆண்டர்சனால் ஸ்கிப்பாக அந்தப் பட்டத்தைத் தொட முடியவில்லை. கனடாவின் மிகச் சிறந்த பெண் ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் அலமாரியில் அந்தக் கோப்பை மட்டும் இல்லை. ஐம்பது தாண்டியதும் என்ன ஆயிற்று? 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று சீனியர் தேசியப் பட்டம். 2018இல் சுவீடனின் ஓஸ்டர்சுண்டிலும் 2019இல் நார்வேயின் ஸ்டாவாங்கரிலும் உலகத் தங்கம்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. சீனியருக்கு வந்த பிறகும் ஆண்டர்சன் இளைஞர்களோடு ஆடுவதை நிறுத்தவில்லை. 2018இல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் பெண்கள் பட்டத்தையே ஜெயித்து, தன்னைவிட மிக இளைய ஆட்டக்காரர்களோடு பென்டிக்டனில் ஸ்காட்டீஸ் ஆடினார். அதே பருவத்தில்தான் சீனியர் பட்டமும். 2021இல் மறுபடி மாகாணத்தின் சார்பில் ஸ்காட்டீஸில் இருந்தார். அப்போது வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

இதனால்தான் 50 என்ற எல்லையே சரியா என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. 2006 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடா ஆண்கள் தங்கம் வென்றது நினைவிருக்கலாம். ஸ்கிப் பிராட் கஷூ என்ற இளைஞர். ஆனால் மறுமுனையில் நின்று அணியை வழிநடத்தியவர், முன்பு சொன்ன அதே ரஸ் ஹவர்ட். ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு ஐம்பது வயது நிறைந்தது, சில நாளில் கழுத்தில் தங்கம் விழுந்தது. ஒலிம்பிக் தங்கம் வாங்குகிற மாதத்திலேயே நிறைகிற வயது என்றால், அதை முதுமை என்று சொல்ல முடியுமா? என்னைக் கேட்டால் எல்லையை ஐம்பத்தைந்துக்குத் தள்ளினால் ஆட்டம் இன்னும் நியாயமாக இருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் பிரையரிலிருந்து நேரே வருகிற பெரிய பெயர்கள் குறையும், பார்க்க வருகிற கூட்டமும் குறையும். நடத்துகிறவர்கள் இதைத் தொட விரும்பாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

பணம் கொடுத்தவர்கள் கதையை விஸ்கியோடு நிறுத்தியிருந்தேன். 2010களின் நடுவில் இந்தப் போட்டியின் பெயருக்கு முன்னால் ஒரு புதிய பெயர் ஒட்டிக்கொண்டது: எவரெஸ்ட். மலை ஏறும் சாமான் விற்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இறுதிச் சடங்குகளைத் திட்டமிட்டு ஏற்பாடு செய்து தரும் நிறுவனம் அது. விஸ்கியில் தொடங்கி ஈமச்சடங்கில் வந்து நிற்கிறதே என்று ஆட்டக்காரர்களே சிரித்துக்கொள்ளக்கூடிய விஷயம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் வியாபாரக் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஐம்பது தாண்டிய, கொஞ்சம் சேமிப்பு உள்ள, குடும்பத்தைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதர்கள் ஒரு வாரம் முழுக்க ஒரே கட்டடத்தில் கூடுகிற இடம் வேறு எங்கே கிடைக்கும்? பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத போட்டிக்கு அவர்கள் பணம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தகுதி பெறுவது எப்படி என்றும் சிலர் கேட்பதுண்டு. பருவம் தொடங்குவதற்கு முந்தைய ஜூன் 30ஆம் தேதிக்குள் நான்கு பேருக்கும் ஐம்பது நிறைந்திருக்க வேண்டும். முதலில் மாகாண அளவில் ஜெயிக்க வேண்டும். பத்து மாகாணங்கள், தனி அணியாக வரும் வட ஒன்டாரியோ, வடக்கே யூகான், வடமேற்குப் பிரதேசங்கள், நுனாவுட் என்று மொத்தம் பதினான்கு இடங்களுக்கு வாய்ப்பு உண்டு. அணிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஆடவிட்டு, மேலே வருகிறவர்களை மறுபடி மோதவிட்டு, கடைசியில் அரையிறுதி, இறுதி. ஒரு வாரத்துக்குள் பத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆட வேண்டியிருக்கும். ஒரு நாளில் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு மறுநாள் காலை எட்டரை மணிக்கு மறுபடி ஐஸில் இறங்குவது ஐம்பத்தெட்டு வயது முதுகுக்கு என்ன செய்யும் என்பதைப் புள்ளிப் பட்டியல் காட்டாது. ஐந்தாவதாக ஒரு மாற்று ஆளை அணியோடு கூட்டிப் போகும் வழக்கம் சீனியரில் வெறும் சம்பிரதாயம் இல்லை.

ஆட்டத்தின் மீது இருக்கும் பிடிப்பு ஐம்பதுகளோடு முடிந்துவிடுவதும் இல்லை. அறுபது தாண்டியவர்களுக்கு மாஸ்டர்ஸ் என்ற இன்னொரு தேசியப் போட்டி தனியாக நடக்கிறது. அதையும் தாண்டி, முழங்காலை மடக்கவே முடியாதவர்களுக்கு ஸ்டிக் கர்லிங். ஒரு நீண்ட குச்சியின் முனையைக் கல்லின் கைப்பிடியில் மாட்டி, நின்றபடியே நடந்து போய்த் தள்ளிவிடுவார்கள். அணிக்கு இரண்டே பேர், ஆறு சுற்று, கல் மறுபக்கக் கோட்டைத் தாண்டும்வரை தேய்க்கக் கூடாது. இதற்கும் கனடாவில் தேசியப் போட்டி உண்டு. கல்லும் ஐஸும் வட்டமும் அதேதான், அதனால் கைப்பழக்கம் அப்படியே செல்லுபடியாகும்.